மயில்துத்தம் அடித்த வீடு

இந்த மலையில் தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் ஒரு நாள் காலை என் தீப்பெட்டி நமுத்துப்போய், எத்தனை குச்சி உரசினாலும் மருந்து வழித்துக்கொண்டு வந்ததே தவிரப் பற்றவில்லை. கீழ்ச்சரிவில் இருக்கும் மறியாமச் சேடத்தி வீட்டுக்கு நெருப்பு வாங்கப் போனேன். சேடத்தி என்பது இங்கே குடியேறியிருக்கும் மலையாளக் கிறிஸ்தவர்கள் மூத்த பெண்களைக் கூப்பிடும் முறை, நம்ம ஊரில் அக்கா என்பது மாதிரி. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தபடியே அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு தீப்பெட்டியைக்கூட அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கிற மனுஷி, இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதற்குள் இருந்தால்தான் இங்கே குச்சி பற்றும் என்று எனக்குத் தெரிய ஒரு மழைக்காலம் ஆயிற்று. தெரிந்த பிறகும், துழாவும்போது ஏன் என் முகத்தையே பார்த்தாள் என்ற கேள்வி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது நம்பும்படி இருக்காது. நம்ம ஊரில் துவைத்த சேலையைக் கொடியில் போட்டுவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தால், உரித்து முடிப்பதற்குள் சேலை காய்ந்து மொடமொடவென்று நிற்கும். இங்கே உப்பு ஜாடியில் தண்ணீராகக் கிடக்கும். அப்பளம் வளையும். சுவர் வேர்க்கும். நம்மைப் பொறுத்தவரை சுவர் என்பது ஒரு தடவை கட்டி, வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்கு வெள்ளையடித்தால் சும்மா நிற்கிற பொருள். இந்தப் பக்கம் சுவரைத் தினமும் கவனிக்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், இவர்கள் எதற்காக இதைச் சொல்கிறார்கள் என்றுதான் நான் யோசித்திருப்பேன்.

என் குணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறந்த வீட்டில் எனக்குப் போலீஸ்காரி என்று பெயர். கடையில் புளி வாங்கி வந்தால் வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பேன். பால்காரர் சொம்பைச் சாய்க்கிற கோணத்தைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் நானும் அக்காவும் இரண்டே பெண்கள். அப்பாவும் அம்மாவும் காலமான பிறகு, அப்பா கட்டிய வீட்டில் அக்காவும் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்த அத்தானும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. எனக்குக் கல்யாணம் பேசியபோது, மாப்பிள்ளைக்கு மலையில் ஏலத்தோட்டம் என்று சொன்னார்கள். போய்ப் பார்த்தால் அது ஒரு முதலாளியின் தோட்டம், இவர் அங்கே மேற்பார்வை. ஆனால் மனிதர் உழைப்பாளி. பையன் சரவணனுக்கு இரண்டு வயது நடக்கும்போது, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் பூப்பாறை தாண்டி, சொந்தமாக இரண்டு ஏக்கரும் ஒரு வீடும் வாங்கினார். விற்றவர் ஔசேப்பு, மறியாமச் சேடத்தியின் வீட்டுக்காரர். தன் கையால் கட்டிய வீட்டை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, கீழ்ச்சரிவில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

பச்சைச் செங்கல் சுவர், தகரக் கூரை. நடுவில் கூடம், ஒரு பக்கம் உள்ளறை, ஒரு பக்கம் அடுப்படி. அடுப்புக்கு மேலே பலகைக்குப் பலகை இடைவெளி விட்டு அடித்த பெரிய பரண். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு சாண் திறந்தே கிடந்தது. பரணும் கூரையும் புகை ஏறிக் கன்னங்கரேல் என்று இருந்தன. அக்கா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, "இதென்னடி, சுடுகாட்டுக் கொட்டகை மாதிரி இருக்கு. மலையாளத்தான் சும்மாவா வித்திருப்பான், உள்ளுக்குள்ள ஏதாச்சும் இருக்கும்டி," என்றாள். நான் ஏற்கெனவே அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் ஔசேப்புச் சேட்டன் ஞாயிற்றுக்கிழமை தோறும் மாதாகோயிலில் கும்பிட்டுவிட்டு வரும் வழியில் எங்கள் வாசலில் நிற்பார். உள்ளே வர மாட்டார். கூரையை அண்ணாந்து பார்ப்பார். "புகை போகுந்நுண்டோ?" என்று கேட்பார். போகுது என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். வீட்டை விற்ற மனுஷனுக்கு அந்த வீட்டுப் புகையைப் பற்றி என்ன கவலை? நாங்கள் எந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறோம், எப்போது இல்லை என்று வேவு பார்க்கிறார் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அப்போதைக்குத்தான் சிரித்தார்.

மலையில் தோட்டம் வைத்திருக்கும் போடிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆனி பிறந்து மழை இறங்கியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழே வந்துவிடுவோம். ஆடி கழிந்து, காய் எடுக்கும் சமயத்தில் மறுபடி ஏறுவோம். அந்த இரண்டு மாதமும் என் வீட்டுக்காரர் போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் எடை பார்ப்பார். அப்படி முதல் தடவை நாங்கள் மூட்டை கட்டிய ஆனி மாதத்தில்தான் ரேடியோவில் எமர்ஜென்சி என்றார்கள். புறப்படுகிற அன்று மறியாமச் சேடத்தி மழையில் தலைக்கு ஒரு பாக்குப் பாளையைக் கவிழ்த்துக்கொண்டு மேலே வந்தாள்.

"தாக்கோலு தந்தேச்சுப் போ, கொச்சே," என்றாள். தாக்கோல் என்றால் சாவி, கொச்சு என்றால் பிள்ளை. "ரெண்டு மாசம் அடச்சிட்டா வீடு சீத்தையாகும்."

வீடு கெட்டுப்போகும் என்று ஒருத்தி சாவியைக் கேட்டுக்கொண்டே சொன்னால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது? எனக்கு அது மிரட்டல் மாதிரிதான் காதில் விழுந்தது. சாவி என் இடுப்பில் இருந்தது. "அவருகிட்ட இருக்கு சேடத்தி, அவரு முன்னாடியே பஸ்ஸுக்குப் போயிட்டாரு," என்றேன். அவர் அப்போது பின்கட்டில்தான் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார், இருமினார்கூட. சேடத்தி பின்கட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மேலே ஒரு வேலையாகப் போய்வந்த என் வீட்டுக்காரர் முகம் சரியில்லாமல் திரும்பினார். அடுப்பில் புதுச் சாம்பல் இருந்ததாம். தொட்டால் சூடு. பின்கதவுக்குக் குறுக்கே போடுகிற கட்டையை வெளியிலிருந்து கத்தி விட்டு நெம்பித் தூக்க முடியும், வீட்டைக் கட்டியவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் ஒரு சாமான்கூடத் திருட்டுப் போகவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. திருடன் வந்தால் திருடிக்கொண்டு போவான். எதையும் எடுக்காமல் அடுப்பை மட்டும் பற்றவைத்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன வேண்டும்? அந்த நாளில் போடிச் சந்தையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத வீட்டில் புகுந்து கஞ்சி வைத்துக் குடித்துவிட்டு, வில்லேஜ் ஆபீசில் போய், இதோ என் அடுப்பு எரிகிறது, வீடு என் கைவசம் என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று. உண்மையில் யாருக்காவது அப்படி நடந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை. மறுநாளே அவரை மேலே விரட்டினேன். பின்கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். ஜன்னல்களுக்கும் அப்படியே. கூரைக்குக் கீழே திறந்து கிடந்த இடைவெளி முழுக்கச் சாக்கைத் திணித்து அடைக்கச் சொன்னேன். ஒரு பல்லி நுழையக் கூடாது என்றேன். சொன்னதையெல்லாம் செய்துவிட்டு வந்தார்.

ஆவணி முதல் வாரத்தில் குடும்பத்தோடு ஏறினோம். பூட்டு திறந்தது, கதவு திறக்கவில்லை. மரம் ஊதி நிலையோடு பிடித்துக்கொண்டிருந்தது. இவர் தோளால் மோதித் திறந்ததும் உள்ளேயிருந்து வந்த வாடையை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஊறப்போட்டு மறந்துபோன துணி, புளித்த மாவு, பழைய கிணறு, எல்லாம் சேர்ந்த வாடை. சுவரெல்லாம் மயிர் முளைத்திருந்தது. வெள்ளை, சாம்பல், பச்சை, ஒரு மூலையில் ரோஸ் நிறம்கூட. பாயை எடுத்தால் பாயின் வடிவத்திலேயே தரையில் பூசணம் படிந்திருந்தது. என் பெட்டியில் இருந்த கல்யாணப் பட்டு மடிப்பு மடிப்பாக ஒட்டி, பிரித்தபோது காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் மாலை இருந்தது, கைகள் இருந்தன, முகம் இருந்த இடத்தில் இரண்டு பேருக்கும் வட்டமாகப் பூசணம் பூத்திருந்தது. நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுதபடியே, இது செய்வினையாக இருக்குமோ என்றும் யோசித்தேன்.

அன்று சாயங்காலத்துக்குள் சரவணனுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்து விழுந்து எழுந்தது. அவனை மடியில் போட்டுக்கொண்டு காலைப் பஸ்ஸில் போடிக்கு ஓடினேன். டாக்டர் ஊசி போட்டுவிட்டு எல்லாம் கேட்டார். "அந்த வீட்டுல ஈரம் போய்ச் சுத்தமாகுற வரைக்கும் பையனை மேல கொண்டு போகாதீங்க. கொண்டு போனா நான் பொறுப்பில்ல," என்றார். பையனை அக்காவிடம் விட்டேன். வேறு யாரிடம் விடுவது? ஆனால் அக்கா அவனை வாங்கிக்கொண்ட வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. "எத்தன நாளானாலும் இருக்கட்டும்டி. நீ அவசரப்படாத," என்றாள். மூன்றாம் நாள் நான் மலைக்குப் புறப்படும்போது அவனுக்கு அளவெடுத்துத் தைத்த நான்கு சட்டைகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. மூன்று நாளில் எந்த டெய்லர் நான்கு சட்டை தைப்பான்? முன்பே தைத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த வீடு எப்போது காய்கிறதோ அப்போதுதான் என் பிள்ளை எனக்கு, அது காயாவிட்டால் அவன் அக்காவுக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து இதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் வேலையாகச் சாமான்களை வெளியே போட்டோம். பரணிலிருந்து அவர் மூன்று சாக்கு மூட்டைகளை இழுத்துத் தள்ளினார். உள்ளே என்னவோ அழுகிக் கூழாகிப் பூசணம் பிடித்திருந்தது. அவருடைய ஊர்க்காரர்கள் யாரோ போட்டு வைத்தது என்று நான் நினைத்தேன். என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று அவர் நினைத்தார். ஒருவரை ஒருவர் கேட்காமலே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டோம். பிறகு சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துச் சுண்ணாம்பு அடித்தோம். போடிப் புத்திக்குத் தெரிந்தது சுண்ணாம்புதானே. பத்து நாள் பளிச்சென்று இருந்தது. பதினோராம் நாள் வெள்ளைக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் புள்ளி புள்ளியாக வெளியே வந்தது.

அடுத்து என் வீட்டுக்காரர் செய்த காரியம் ஏலத்தோட்டக்காரன் ஒருவனைத் தவிர வேறு யாருக்கும் தோன்றாது. மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அழுகல் நோய் வந்தால் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பம்பில் அடிப்பார்கள். செடிக்கு வருவதும் பூசணம்தான், வீட்டுக்கு வந்திருப்பதும் பூசணம்தான் என்று அவருக்கு ஒரே முடிவு. தோட்டத்துப் பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு கூடத்துக்குள் வந்தார். உள்ளறை, அடுப்படி, பரணின் அடிப்பக்கம், ஒரு மூலை விடாமல் அடித்தார். வீடு முழுக்க நீலமாயிற்று. என் கையும் அவர் மீசையும் நீலம். தோட்டத்தில் களை எடுக்க வந்த பெண்கள் ஜன்னல் பலகை இடுக்கில் எட்டிப் பார்த்து, "ஏத்தா, வீட்டுக்கும் அழுகலா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு வாரம் பூசணம் அடங்கியிருந்தது. எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பிறகு நீலம் பொருக்குப் பொருக்காக உதிர, அதன் அடியில் பழையபடி ஈரமும் மயிரும் இருந்தன. உதிர்ந்த நீலத் தூள், பையன் புரண்டு விளையாடிய தரை முழுக்கக் கிடந்தது. விஷத்தையல்லவா வீடு முழுக்கப் பூசி வைத்திருக்கிறோம்.

தீபாவளிக்குக் கீழே போனபோது சரவணன் காதில் தங்கம் மின்னியது. காது குத்தியிருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவது நம் வழக்கம். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, அதனால் என்ன செய்வதென்று நானும் அவரும் பேசிக்கொண்டிருந்தோம். அக்கா காத்திருக்கவில்லை, அத்தான் மடியில் வைத்துக் குத்திவிட்டாள். "இளைப்பு நிக்கணும்னு வேண்டிக்கிட்டேன்டி. உனக்குச் சொல்லி விடத்தான் நெனச்சேன், மலையில மழைன்னாக," என்றாள். பையன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "மலையம்மா வந்துருக்கு," என்று உள்ளே பார்த்துச் சொன்னான். அவனாகவே வைத்த பெயர் என்று அக்கா சத்தியம் செய்தாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைக்கத் தெரியுமா? திரும்பி வந்து பைத்தியம் பிடித்தவள் மாதிரி அந்த வீட்டைச் சுரண்டினேன்.

அப்படிச் சுரண்டும்போதுதான் பரண் பலகை இடுக்கில் அது கிடைத்தது. வெள்ளையாக, நகம் அளவில், காய்ந்த சீவல்கள் ஏழெட்டு. மரவள்ளிக் கிழங்கை அவித்துச் சீவி வெயிலில் உலர்த்தியது. நாங்கள் அதைச் செய்வதில்லை. இங்கே குடியேறிய மலையாளிகள் வீட்டில் மழைக்காலத்துக்கு அதுதான் சாப்பாடு. கையில் ஆதாரம் கிடைத்துவிட்டது என்று எனக்கு ஒரு வெறி. ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு நேரே கீழ்வீட்டுக்குப் போனேன். சேடத்தி முற்றத்தில் கோழிக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தாள். டப்பாவைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன சேடத்தி?"

"கப்பை," என்றாள்.

"யாரோடது?"

"ஞங்ஙளுடெ."

"எங்க வீட்டுப் பரண்ல எப்படி வந்துச்சு?"

"சேட்டன் கேற்றி வச்சதா." அவள் முகத்தில் ஒரு திருட்டு முழியும் இல்லை. "எல்லாக் கொல்லமும் மழைக்கு அவிடெத்தன்னெ வைக்குந்நது. ஈ வீட்டில் பரண் இல்லல்லோ. தீ இல்லெங்கில் கப்பை பூக்கும். அதுகொண்டு தீயும் இட்டு." வருஷா வருஷம் மழைக்கு அங்கேதான் வைப்பார்களாம், கீழ்வீட்டில் பரண் இல்லை, தீ இல்லாவிட்டால் கிழங்கு பூசணம் பிடிக்கும் என்று தீயும் போட்டார்களாம்.

"அது இப்ப எங்க வீடு."

"நிங்ஙளுடெதன்னெ. ஆரா இல்லெந்நு பறஞ்ஞது?" தவிட்டுச் சட்டியைக் கீழே வைத்தாள். "தாக்கோலு கேட்டேன், தந்நில்ல. பின்னெ நிங்ஙள் வந்து ஆணியடிச்சு. ஞங்ஙளுடெ மூணு சாக்கு கப்பை அகத்தாயி. ஆணியடிச்ச வீட்டின்டெ வாதில்க்கல் வந்து எங்ஙனெ கேக்கும்? கள்ளன்மார் எந்நு பறயில்லே?"

மூன்று சாக்கு. நாங்கள் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த மூன்று சாக்கு. கதவில் ஆணி அடித்து நாங்கள் பூட்டியது அவர்களுடைய மழைக்காலத்துச் சோற்றை. திருடர்கள் என்று சொல்லிவிடுவோமோ என்று பயந்து அவர்கள் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தானே சொல்லிக்கொண்டிருந்தோம்.

"அப்ப மழைக்கு என்னத்தச் சாப்பிட்டீக?" என்று கேட்டேன்.

"ரேஷன் கோதம்பு," என்றாள். மழை முழுக்க ரேஷன் கோதுமை. எனக்குக் காது மடல் வரை சுட்டது. டப்பாவை மூடத் தெரியாமல் மூடிக்கொண்டு மேலே வந்தேன். வீட்டில் இவரிடம் சொன்னபோது, "மூணு சாக்கா? ரெண்டுல்ல எரிச்சோம்," என்றார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மூன்றுதான். இருந்தாலும் இரண்டு நாள் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் ஔசேப்புச் சேட்டன் கடப்பாரையோடு வந்தார். கூப்பிடவில்லை, தானாக வந்தார். முதல் தடவையாக வாசல்படி தாண்டி உள்ளே வந்து, நீலச் சுவரைப் பார்த்து வெகுநேரம் நின்றார். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா என்று தெரியவில்லை. பிறகு ஜன்னல் பலகைகளைப் பிடுங்கினார். கூரைக்கடியில் திணித்திருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்து முற்றத்தில் எறிந்தார். அவை தண்ணீர் சொட்டின. பின்கதவுப் பலகையின் கடைசி ஆணி வரும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார், நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுவரில் பூசியிருந்த மண்ணை அவரும் என் வீட்டுக்காரரும் செங்கல் தெரியும் வரை கொத்தி எடுத்து, ஈரம் வடிந்த பிறகு புதுமண் குழைத்துப் பூசினார்கள். அடுப்பில் நாள் முழுக்கத் தீ. சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் தீ. நான் எந்தக் கருப்பைச் சுடுகாட்டுக் கருப்பு என்று முகம் சுளித்தேனோ அந்தக் கருப்புதான் அந்த வீட்டுக்கு உடம்பில் தேய்த்த எண்ணெய் என்று கண் எரிய எரியத் தெரிந்துகொண்டேன். கார்த்திகை முழுக்க என் தலைமுடியும் சேலையும் புகையாக நாறின. பரணில் பாதி எங்களுக்கு, பாதி கீழ்வீட்டாருக்கு என்று பேசிக்கொண்டோம். பேசிய பிறகும் நான் இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு கயிறு கட்டி வைத்தேன். சேடத்தி அந்தக் கயிற்றைப் பார்த்தாள், அதிலேயே தன் மிளகாய் வற்றலைக் கோர்த்துத் தொங்கவிட்டாள்.

தை மாதம் சரவணனைக் கூட்டி வந்தேன். அக்கா பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. போடிமெட்டுச் செக்போஸ்ட்டில் பஸ் நின்றபோது பனி உள்ளே வந்தது, அவன் முதுகில் கையை வைத்து மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். இழுப்பு வரவில்லை. என்னை மலையம்மா என்பதை விட்டு அம்மா என்றான். அதற்குள் எங்கள் வீட்டுக்குள் நடந்த பேச்சில் அடுப்பில் தீ இருக்கிறதா என்பதுதான் காலையில் முதல் கேள்வியாகிவிட்டிருந்தது. பங்குனியில் பையனைக் காட்டியபோது டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறான் என்றார். "ஆனா இந்த ரெண்டு மழைக்கு மட்டும் கீழ வச்சுக்குங்க. அப்புறம் எங்க வேணும்னாலும் இருக்கட்டும்."

அங்கேதான் சிக்கல் வந்தது. மழைக்கு இரண்டு மாதம் பையன் போடியில் இருக்க வேண்டும், அதாவது அக்கா வீட்டில். மழைக்கு இரண்டு மாதம் இந்த அடுப்பில் தீ இருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் கடையில் எடைக்கு நின்றாக வேண்டும், அவர் பொழுதுக்கும் கடையில்தான் கிடப்பார். மிச்சம் இருப்பது நான் ஒருத்தி. அவர் எல்லாம் யோசித்து வைத்திருந்தார்.

"நீ மேல இருந்து தீயப் பாத்துக்க. புள்ள யாருகிட்ட இருக்கப்போறான்? உன் கூடப்பொறந்தவகிட்ட. வீட்டை விட்டுட்டு வந்தா யாருகிட்ட விடுவ?"

நியாயமான பேச்சு. ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். சரி என்றேன். ஆனால் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பக்கத்துப் பரணில் பூசணத்துக்குத் தப்பிய பாத்திரங்கள், மறு பக்கத்தில் அவர்கள் கப்பை. என் வீட்டில் நான் அறியாமல் தீ மூட்டியவர் ஔசேப்பு. என் பிள்ளைக்கு நான் அறியாமல் காது குத்தியவள் அக்கா. இரண்டு பேருமே நல்லதற்குத்தான் செய்தேன் என்றார்கள். ஆனால் ஔசேப்பு ஒரு நாளும் அந்த வீடு தனக்கு வேண்டும் என்று பார்த்ததில்லை, அதை நான் அந்த நாலு மாதமும் அவர் கண்ணையே கவனித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அக்காவின் கண்ணை எனக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

ஆனி பிறந்தது. அவரும் பையனும் பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு கீழ்வீட்டுக்கு இறங்கினேன். சேடத்தியிடம் சாவியை நீட்டினேன். அவள் உடனே வாங்கவில்லை.

"நீ போகுந்நோ?" என்றாள்.

"போறேன்."

சாவியை வாங்கி முண்டின் முனையில் முடிந்துகொண்டாள். "மோனெ நோக்கிக்கோ," என்றாள், பிள்ளையைப் பார்த்துக்கொள், அவ்வளவுதான். என்னிடம் வேறு சாவி உண்டா என்று கேட்கவில்லை. இருந்தது, அதை நானும் சொல்லவில்லை.

பஸ்ஸில் நானும் ஏறியதும் இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். போடியில் இறங்கியதும் நேரே கடைக்குப் போய்விட்டார். நானும் பையனும் அக்கா வீட்டுக்குப் போனோம். மேலே அடித்துக்கொண்டிருந்த மழைக்கு இங்கே ஒரு சொட்டு இல்லை, வெயிலில் கண் கூசியது. அக்கா பையனுக்கு மட்டும் தட்டு வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கரண்டியோடு நின்றாள்.

"நீ மேலயே இருந்து வீட்டப் பாத்துக்கிருவன்னுல்ல உன் வீட்டுக்காரரு சொல்லி விட்டாரு?"

"சாவியக் குடுத்துட்டு வந்துட்டேங்க்கா."

"யாருகிட்ட?"

"கீழ்வீட்டுச் சேடத்திகிட்ட."

"மலையாளத்தாகிட்டயா?" அக்கா சிரித்தாள். பையனுக்குச் சோற்றைப் பிசைந்தபடி, "புளிய மறுக்கா நிறுக்கிறவ நீ. முழு வீட்டையும் தூக்கி வேத்தாளுகிட்டக் குடுத்துட்டு இங்க வந்து உக்காந்திருக்க. எதுக்குடி?" என்றாள்.

பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா இரண்டு வாய் ஊட்டினாள். மூன்றாவது வாய்க்குக் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"அப்ப நீ மழைக்காக வரல," என்றாள்.

"எல்லாரும்தான மழைக்கு வர்றாக," என்றேன்.

"என்னையக் காவல் காக்க வந்திருக்க."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான். அக்கா கொஞ்ச நேரம் அதற்காகக் காத்திருந்தாள். பிறகு பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் கொல்லைப் பக்கம் போய், முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். "பெரியம்மா ஏன் அழுவுது?" என்று சரவணன் எழுந்திருக்கப் பார்த்தான். எனக்கும் அழுகை வந்தது. அப்பா கட்டிய அந்த வீட்டில், அந்தக் காய்ந்த சுவரில் சாய்ந்துகொண்டு, அவன் சட்டை நுனியை விடாமல் பிடித்திருந்தேன்.